ஒரு நிரை நமக்கு, ஒரு நிரை அஞ்சலைக்கு

தம்பி,

நீ அனுப்பிய உறை செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. தபாலைக் கொண்டுவந்து கொடுத்த கடைக்காரர், "ஜொகூர் பாருலேர்ந்து வந்திருக்கு, நல்ல கனமா இருக்கு. மகன் கல்யாணப் பத்திரிகையாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உள்ளே இருந்தது நாம் குடியிருக்கிற இந்தப் பாலோ நிலம் நான்கு ஏக்கரையும் என் பேரிலிருந்து உன் பேருக்கு மாற்றுகிற தாள். எங்கெங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் குறி வைத்திருந்தாய். பெண் வீட்டார் கல்யாணத்துக்கு முன்னால் கிராண்ட்டை, நம் ஊர்ப் பேச்சில் நிலப்பத்திரத்தை, உன் பேரில் பார்க்க ஆசைப்படுகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பு என்றும் எழுதியிருந்தாய். வெள்ளிக்கிழமை போய்விட்டது. நான் கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாமல் இதை முழுதும் படி. நீ எந்தக் காகிதத்தையும் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறவன். வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாகப் போய்ச் சேர்ந்த பிறகாவது அந்தப் பழக்கம் போகும் என்று பார்த்தேன், போகவில்லை.

அந்தத் தாளில் ஒரு கேள்வி இருக்கிறது. எனக்குப் புரிய வேண்டும் என்று பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறாய்: "இந்த நிலத்தில் வேறு யாருக்கேனும் பாத்தியதை உண்டா?" அதற்குக் கீழே, "இல்லை என்று எழுதவும்" என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்து கோழி கிண்டியது போல இருந்தாலும் அதைத் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறாய். உனக்கு ஒன்றும் தெரியாது, அதனால் எழுதினாய். நான்தான் உனக்குச் சொல்லவில்லை. கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தாய் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுவது வழக்கம். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். வருகிற பெண்ணிடம் முதல் நாளே ரசம் சரியில்லை என்று சொல்லாதே, சம்பளத்தை ஒளிக்காதே என்று இரண்டு வரி எழுதியும் விட்டேன். அதற்கு மேல் ஓடவில்லை. புத்தி சொல்கிற இடத்தில் நான் இல்லை, தம்பி. நான் செய்தது என்ன என்று எனக்கே விளங்காமல் இருக்கிறது. நீயாவது சட்டம் தெரிந்தவன், சொல்வாய் என்றுதான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே உன் ஆபீஸ் கதை ஒன்று சொன்னாயே, நினைவிருக்கிறதா? எங்கோ ரோடு போட நிலம் எடுத்தார்களாம். பத்திரத்தில் பேரே இல்லாத ஒரு சீனக் கிழவர், இதில் பாதி நான் பயிர் வைத்தது என்று விசாரணையில் போய் நின்றாராம். அவருக்கும் பங்கு கிடைத்ததாம். "பத்திரத்துல பேர் இல்லாட்டி எப்படிடா குடுப்பாங்க?" என்று கேட்டேன். "பேர் இல்லாட்டியும் பாத்தியதை இருக்குதுன்னு வந்து சொல்லலாம்லா, அம்மா. அதுக்குத்தானே நோட்டீஸ் ஒட்டி விசாரணை வைக்கறாங்க. வாயைத் திறக்காதவங்களுக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் கறி போடச் சொன்னாய். நான் உன் இலையில் மறுபடியும் சோற்றைப் போட்டேன். அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நீ சிரித்தாய். காது நன்றாகத்தான் கேட்டது. அன்றிலிருந்து எனக்கு எந்த வேலையிலும் மனம் நிற்கவில்லை.

அஞ்சலைச் சின்னம்மாவை உனக்கு எவ்வளவு நினைவிருக்கும் என்று தெரியவில்லை. அதே தீபாவளியில் அவள் பேச்சு வந்தபோது, "நம்மகிட்ட வேலை செஞ்ச சின்னம்மாதானே" என்றாய். நான் திருத்தவில்லை. இப்போது திருத்துகிறேன். அஞ்சலை நம்மிடம் வேலை செய்யவில்லை. பாலோவுக்கு வருமுன் நாம் இருந்த, சிகாமட்டுக்கு வெளியே, ஓடைக்கு மேலே இருந்த அந்த மேட்டு நிலத்தில் பாதி அவளுடையது.

உன் அப்பாவும் அஞ்சலையின் வீட்டுக்காரர் காத்தானும் ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். கங்காணியின் ஏச்சுப் பொறுக்காமல் இருவரும் சேர்ந்துதான் தோட்டத்தை விட்டு வெளியே வந்தார்கள். சேர்ந்துதான் அந்தக் காட்டை வெட்டினார்கள். நில ஆபீசில் இரண்டு பேர் போய் நின்றால் இரண்டு அளவு, இரண்டு செலவு. அதனால் எழுதப் படிக்கத் தெரிந்த உன் அப்பாவின் பேரில் ஒரே பத்திரமாக வாங்கினார்கள். அதைப் பங்கு வைக்கும்போதுதான் யோசனை வந்தது. மேல் பக்கம் நல்ல மண், கீழ்ப் பக்கம் சதுப்பு. நடுவில் கோடு போட்டால் ஒருவன் கொழுப்பான், ஒருவன் அழுவான். தோட்டத்தில் பழகியவர்கள் அல்லவா, அவர்களுக்கு நிலத்தை மரவரிசையாகத்தான் பார்க்கத் தெரியும். மேட்டின் உச்சியிலிருந்து ஓடை வரைக்கும் ஒரு நிரை நமக்கு, அடுத்த நிரை அவர்களுக்கு, அதற்கடுத்தது நமக்கு என்று வைத்துக்கொண்டார்கள். நல்ல மண்ணிலும் இருவருக்கும் பங்கு, சதுப்பிலும் இருவருக்கும் பங்கு. இதைவிட நியாயமாக யாராவது பங்கு வைத்துக் காட்டட்டும் என்று உன் அப்பா பெருமையடித்துக்கொள்வார். நம் நிரையில் மண் மங்கு, அந்தச் சின்ன மண் கிண்ணம், கட்டிப் பால் பிடித்தோம். காத்தான் சிக்கனக்காரர், அவர் நிரையில் தேங்காய்ச் சிரட்டை. யாருடைய மரம் என்று கேட்கவே வேண்டாம், பார்த்தாலே தெரியும். உனக்கு மூன்று வயதில் உன் அப்பா காய்ச்சலில் போனார். பத்திரம் என் பேருக்கு வந்தது. அப்போதும் அந்த நிரைக்கணக்கு மாறவில்லை. நான் படுத்துக்கிடந்த நாட்களில் நம் மரங்களையும் அஞ்சலையே சீவி, பாலைத் தனியாக உறையவைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள்.

உனக்கு ஆறு வயதாகும்போது நோட்டீஸ் வந்தது. டவுனுக்குக் குடிதண்ணீர் எடுக்க அந்த ஓடையும் அதைச் சுற்றிய மேடும் அரசாங்கத்துக்கு வேண்டும், மேட்டில் இருக்கிற குடும்பங்கள் எல்லாம் காலி செய்ய வேண்டும், பத்திரம் உள்ளவர்களுக்கு நஷ்டஈடு உண்டு என்றார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சாப்பாட்டுக் கடை வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிற ஒருவரிடம் நானும் அஞ்சலையும் போனோம். அவர் எங்கள் பங்கைக் கேட்டுவிட்டு எழுதுகிறதை நிறுத்தினார். "ஒரு நிரை விட்டு ஒரு நிரையா? இதை எந்த அளவுக்காரன்மா வரைபடத்துல காட்டுவான்? அனுமதியில்லாம பிரிச்சீங்கன்னு கிராண்ட்டையே புடுங்கினாலும் புடுங்குவாங்க. ஒரே ஆளு நிலம்னு சொல்லுங்க, வந்தத வாங்கிட்டு அப்புறம் நீங்களா பிரிச்சுக்குங்க" என்றார். புடுங்குவார்கள் என்றாரா, புடுங்கினாலும் புடுங்குவார்கள் என்றாரா என்று இன்றைக்கு யோசித்தால் நிச்சயமில்லை. பயத்தில் கேட்டது அல்லவா. நீ தீபாவளிக்குச் சொன்னது சரியென்றால் அவர் சொன்னது தப்பு. நாங்கள் இருவரும் கூட நின்று உள்ளதைச் சொல்லியிருந்தால் இருவர் பேரையும் எழுதியிருப்பார்கள். பக்கத்து மரத்தைக் காட்டி இது அவளுடையது என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

அதிகாரி நிலத்தைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும், முதல் நாள் நானும் அஞ்சலையுமாக அவளுடைய நிரையிலிருந்த சிரட்டைகளை எல்லாம் அவிழ்த்தோம். தன் மரத்திலிருந்து தன் சிரட்டையை அவளே எடுத்துக் கூடையில் போட்டாள். கடனுக்கு மங்கு வாங்கி அந்த இடத்தில் கட்டினோம். "எல்லாம் உங்க பேர்லயே இருக்கட்டும்க்கா, உங்க பேர்ல இருந்தா என்ன, எங்க பேர்ல இருந்தா என்ன" என்று அவள் சொன்னதாக எனக்கு ஒரு நினைவு. நான் கேட்டதற்குப் பிறகு சொன்னாளா, கேட்காமலே சொன்னாளா? இதைப் பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் ஒன்று சரி என்று தோன்றுகிறது, மறுநாள் மற்றது.

மறுநாள் ஒரு மலாய்க்கார அதிகாரி வந்தார். நல்ல மனிதர், அவசரப்படாதவர். மரங்களை எண்ணிக்கொண்டே மேட்டில் ஏறினார். நான் அவருக்குப் பின்னால் போனேன். அஞ்சலை எனக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். உச்சிக்குப் போனதும் அவர் நின்று, "ஆடா ஓராங் லாயின்?" என்று கேட்டார். வேறு ஆள் உண்டா என்றுதான் கேட்டார், எனக்கு நன்றாகப் புரிந்தது. "தாடா, துவான்" என்றேன். இல்லை ஐயா என்றேன். இதுவரைக்கும் அந்த மனு எழுதுகிறவர் மேல் பழியைப் போடலாம், பயத்தின் மேல் போடலாம். ஆனால் அவர் திரும்பி அஞ்சலையைப் பார்த்து, இந்தப் பெண் யார் என்று கேட்டார். தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீடு என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் கூலிக்கு வருகிற ஆள் என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்படி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, தம்பி. அந்தச் சொல் என் வாயில் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதிகாரி அவளைப் பார்த்து அப்படியா என்பதுபோல் தலையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள் என்று நிழலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மரங்களுக்குக் கொஞ்சம் பணமும், நிலத்துக்குப் பதிலாக பாலோவில் இந்த நான்கு ஏக்கர் காடும் கொடுத்தார்கள். மேட்டில் பத்திரம் இல்லாத மற்றவர்களைப் போல அஞ்சலை குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. பணத்தில் கொஞ்சம் அஞ்சலைக்குக் கொடுத்தேன். பாதி இல்லை. அவள் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்டாள். மீதியில்தான் உன்னை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். காத்தான் இங்கே வந்து இரண்டு மாதம் என்னோடு காட்டை வெட்டினார். கன்று நட்டு முடித்த அன்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, "அண்ணி, இங்கயும் நிரை நிரையாவே வச்சுக்கலாமா?" என்று கேட்டார். மரம் வளரட்டும், பால் கொடுக்கிற காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். மரம் பால் கொடுக்க ஏழு வருஷம். அதுவரைக்கும் எனக்குக் கையில் காசு இருந்தது, அவர்கள் எதைச் சாப்பிடுவார்கள்? இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஒரு தோட்டத்தில் பேர் கொடுத்து, மறுபடியும் கூலி லயத்து வீட்டுக்கே போனார்கள். எந்தக் கங்காணிக்குப் பயந்து வெளியே வந்தார்களோ, அப்படி இன்னொரு கங்காணி காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் போய் நின்றார்கள். மரம் பாலுக்கு வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று ரயிலேற்றிவிட்டேன். மரம் பாலுக்கு வந்தும் ஏழு வருஷம் ஆகிவிட்டது. முதல் வருஷம் பால் குறைவு என்று நினைத்தேன். அடுத்த வருஷம் உன் பள்ளிச் செலவு. பிறகு கூரை. பிறகு இத்தனை நாள் கழித்து எந்த முகத்தோடு சொல்லி அனுப்புவது என்று வந்துவிட்டது. இவ்வளவுக்கும் நான் அவளை ஏமாற்ற வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. இதை நீ நம்புவாயா என்று தெரியவில்லை. எனக்கே சில நாள் நம்பிக்கை வரவில்லை.

உன் தாளைப் பார்த்ததும், இதற்கு மேல் முடியாது என்று நேற்று சனிக்கிழமை புறப்பட்டு அஞ்சலையைப் பார்க்கப் போனேன். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். நியாயமாக அவள் என்னை நாலு கேள்வி கேட்பாள், நான் வாங்கிக்கட்டிக்கொள்வேன், பாதியை எழுதிக்கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்திருந்தேன். அவளோ, "அக்கா! வாங்க வாங்க, தம்பிக்குக் கல்யாணமாமே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், சர்க்கரை இல்லை என்று பக்கத்து வீட்டில் கடன் வாங்கி எனக்குக் கோப்பி கலந்து கொடுத்தாள். அவள் தலை முழுக்க நரைத்துவிட்டது. காத்தானுக்கு நெஞ்சில் சளி. மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சட்டம் நமக்குச் சாதகமாகத்தான் இருந்திருக்கிறது, நாம்தான் பயந்துவிட்டோம், பாலோவில் உனக்குப் பாதி உண்டு, உன் பேரை எழுதிவிடுகிறேன் என்றேன்.

அவள் முதலில் வாசலைத்தான் பார்த்தாள். பிள்ளைகள் யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு, "மெதுவா பேசுங்கக்கா. எங்க புள்ளைங்களுக்கு அது தெரியாது" என்றாள்.

"எது தெரியாது?"

"நிலம் இருந்தது. இங்க வந்து சேர்ந்தப்ப பேர் எழுதற கிராணி கேட்டாரு, தோட்டத்தை விட்டுப் போய் இத்தனை வருஷம் எங்க இருந்தீங்கன்னு. அக்கா நிலத்துல கூலி வேலைன்னு சொல்லிட்டேன். உள்ளதச் சொன்னா சிரிப்பாங்களேன்னுதான். அப்புறம் கேக்கறவங்ககிட்ட எல்லாம் அதையே சொன்னேன். புள்ளைங்களும் அதையே கேட்டு வளந்துடுச்சிங்க. இப்பப் போய் நிலம் இருந்ததுன்னா, பேசாம ஏம்மா நின்னேன்னு கேப்பாங்கல்ல? எனக்கே தெரியல. அந்த ஆபீசர் என்னைப் பார்த்துத்தானே கேட்டாரு."

என்மேல் அவளுக்குக் கோபமே இல்லையா என்று கேட்டேன். அவள் கோப்பி டம்ளரை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். வந்து, சிரட்டையை அவிழ்க்கலாம் என்று சொன்னதே தான்தான் என்றாள். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா? எனக்குக் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை. நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று போனவள், நிலத்தைக் கொடுத்தால் அவள் தன் பிள்ளைகள் முன்னால் தலைகுனிவாள் என்று தெரிந்துகொண்டு எழுந்தேன். கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்கு இந்த லயம்தான். அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. ரப்பர் விலை கிடக்கிற கிடையில் எல்லாத் தோட்டத்திலும் ஆள் குறைக்கிறார்கள்.

அவளுடைய மூத்த மகள் பவுனுவை உனக்கு நினைவிருக்காது. மேட்டை விட்டு வந்தபோது மூன்று வயசுக் குழந்தை. இப்போது பதினேழு. என்னை ரயிலேற்றிவிட அவள்தான் ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள். வழியெல்லாம் உன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்தாள். மேடையில் நின்றபோது குரலைத் தாழ்த்தி, "பெரியம்மா, ஒண்ணு கேட்டா அம்மாகிட்ட சொல்லக் கூடாது. இங்க அடுத்து எங்க பேரத்தான் வெட்டப்போறாங்களாம். பேர வெட்டிட்டா கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு அந்த ஊரு எந்தப் பக்கம்னே தெரியாது. உங்க நிலத்துல எனக்கு வேலை குடுப்பீங்களா? அம்மா உங்ககிட்ட வேலை செஞ்சப்ப நல்லா வச்சிருந்தீங்கன்னு எப்பவும் சொல்லும். நானும் நல்லா சீவுவேன், மரத்துல காயம் படாது" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அதை அவள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு, "முடியாதுன்னா பரவால்ல பெரியம்மா" என்றாள். வா, அடுத்த வாரம் கழித்துத் திங்கட்கிழமையிலிருந்து வா என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அந்தப் பெண் சந்தோஷத்தில் என் கையை விடவே இல்லை. ரயில் வந்து நின்ற பிறகு ஓடிவந்து சன்னலைப் பிடித்துக்கொண்டு, "கூலி எவ்வளவு பெரியம்மா? அப்பா கேப்பாரு" என்றாள். என் மகன் வந்து சொல்வான் என்றேன்.

தாளை அப்படியே உள்ளே வைத்திருக்கிறேன். இல்லை என்று எழுதச் சொன்ன இடத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. பெண் வீட்டாரிடம் என்ன சொல்வாயோ எனக்குத் தெரியாது. இரண்டு ஏக்கர் மாப்பிள்ளையை அவர்களுக்குப் பிடிக்காமலும் போகலாம், அதற்கு நீ என்னை ஏசினால் ஏசு. வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலுக்கு வந்துவிடு. மறுநாள் பொழுது விடியும்போது பவுனு நம் வாசலில் வந்து நிற்பாள். கூலி இவ்வளவு என்று அவளிடம் சொல்வாயா, நீ எதற்குக் கூலி கேட்கிறாய் என்று சொல்வாயா, நான் சொல்லித்தர மாட்டேன். எதுவானாலும் தபாலில் எழுதாதே. வந்து, அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்று சொல்.

உன் அம்மா